50 மி.மீ. செம்பும் 482 வரிகளும்

காணும் பொங்கலன்று விடியற்காலை 4.40க்கு எண் 481-இல் வந்து நின்றது. நானும் குடியாத்தத்துப் பையனும் பத்து நிமிடம் மூச்சுக் காட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நகரவில்லை. போகி இரவு ஓட்டியபோது 484, பொங்கல் இரவு 482, இப்போது 481. வரி என்பது இரண்டு ஒளிக்கற்றைகள் சேரும் இடத்தில் விழும் ஒளி-இருள் பட்டை. எங்கள் செம்புத் தண்டு குளிரில் சுருங்கச் சுருங்க வரிகள் நகரும், அவற்றை எண்ணினால் சுருக்கம் தெரியும். ஒரு வரி 0.316 மைக்ரான், மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆக மூன்று இரவும் ஒரு மைக்ரானுக்குள் ஒத்துப்போகின்றன. எட்டு மாதமாக இந்த ஒத்துப்போதலுக்காகத்தான் கிடந்தோம்.

வேலூரில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் 22 வருடமாகக் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறேன். போன மே மாதம் எம்.எஸ்சி. மாணவர்கள் இருவர் புராஜெக்ட் கேட்டு வந்தார்கள். ஒருவன் குடியாத்தம். இன்னொரு பெண் ஆலங்காயம். காவலூர் வானாய்வகம் அவள் ஊருக்குப் பக்கத்தில்தான், 2.3 மீட்டர் தொலைநோக்கியைப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்ப் பார்த்திருக்கிறாள். அவள் கேட்டது இது: "ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியோட 18 கண்ணாடியும் பெரிலியம், சார். அங்கே குளிர்ல அது சுருங்கும்னு தெரிஞ்சு, சுருங்கினப்புறம் சரியான வடிவம் வர்ற மாதிரி இங்கேயே இழைச்சு அனுப்பியிருக்காங்க. அவ்வளவு நுணுக்கமா அந்தச் சுருக்கத்தை எப்படி அளந்தாங்க?" ஒளியை வைத்துத்தான் அளந்தார்கள். சரி, நம்மால் முடிந்த அளவில் ஒன்றைச் செய்து பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். 50 மி.மீ. செம்புத் தண்டு. அறை வெப்பத்திலிருந்து திரவ நைட்ரஜன் வெப்பத்துக்குப் போகும்போது எவ்வளவு குட்டையாகிறது? 293 கெல்வினிலிருந்து (20 டிகிரி செல்சியஸ்) 77 கெல்வின் (கழித்தல் 196 டிகிரி) வரை செம்பு 0.302 சதவீதம் சுருங்கும் என்று கையேடுகளில் இருக்கிறது. விடை தெரிந்த கணக்குதான். நாங்கள் கட்டும் கருவி பொய் சொல்கிறதா என்று பிடிக்க அதுதான் வழி.

முதல் முயற்சி தெர்மாகோல் பெட்டி. ஆய்வகத்தில் மைக்கேல்சன் இன்டர்ஃபெரோமீட்டர் இருந்தது, ஒளியை இரண்டாகப் பிரித்து இரண்டு கைகளில் அனுப்பித் திரும்பச் சேர்த்து வரிகளைக் காட்டும் கருவி. அதன் ஒரு கையில் தண்டைப் படுக்கவைத்து, முனையில் சின்னக் கண்ணாடியை அரால்டைட் போட்டு ஒட்டி, பெட்டிக்குள் திரவ நைட்ரஜனை ஊற்றினோம். நைட்ரஜன் கொதிக்கிற ஆட்டத்தில் வரிகள் கலங்கிப்போய் ஒன்றுமே தெரியவில்லை. ஐந்து நிமிடத்தில் கண்ணாடி மேல் வெள்ளையாக உறைபனி. இருபதாவது நிமிடம் 'டிக்' என்று ஒரு சத்தம். ஒட்டு விட்டுக் கண்ணாடி கீழே கிடந்தது. குளிரில் பசையும் செம்பும் ஒரே அளவு சுருங்குவதில்லை என்பதை அந்தச் சத்தம் சொல்லிக்கொடுத்தது. அதற்குப்பின் இந்தக் கருவியில் குளிரும் இடத்தில் எதையும் ஒட்டவில்லை. எல்லாம் தன் எடையில் உட்காருகிறது.

நைட்ரஜன் எங்கே கிடைக்கும் என்று தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்களைக் கேளுங்கள். உறைவிந்துக் குச்சிகளைத் திரவ நைட்ரஜன் கேனில்தான் வைத்திருப்பார்கள், எங்கே நிரப்புகிறார்கள் என்று அவர்களுக்கு அத்துப்படி. எங்களுக்கு ஒரு தம்பி காட்டிய இடம் ராணிப்பேட்டை சிப்காட் பக்கம். லிட்டர் 80 ரூபாய், 10 லிட்டர் கேன். பைக்கில் பின்னால் உட்கார்ந்து மடியில் வைத்துக் கொண்டுவரக் கூடாது. ஆட்டோவில் இரண்டு பக்கமும் திறந்துவைத்து வந்தோம். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகும். மூடிய அறையில் அது மூச்சுக் காற்றைத் தள்ளிவிடும். மயக்கம் வருவதுகூடத் தெரியாது. ஜன்னலைத் திறந்துவைக்காமல் ஒரு நாளும் ஊற்றியதில்லை. திறந்தால் காற்று வந்து வரிகளைக் கலைக்கும். அதற்காக ஒளிப்பாதை முழுவதையும் அட்டைப் பெட்டியால் மூடிவிட்டோம்.

அடுத்தது மேடை. 3 அடிக்கு 2 அடி, 40 மி.மீ. கனத்தில் கடப்பாக் கல், 900 ரூபாய். எடை 60 கிலோவுக்கு வரும். கல் அறுப்பவரிடமே சொல்லி நடுவில் 60 மி.மீ. துளை போட்டு வாங்கினோம். இரண்டு மேசைகளை இடைவெளி விட்டுப் போட்டு, அவற்றின் மேல் ஸ்கூட்டர் டியூப் நான்கை முக்கால்வாசிக் காற்றில் வைத்து, அதன்மேல் கல். டியூபைக் கெட்டியாக அடித்தால் பயனில்லை, கட்டைவிரலால் அமுக்கினால் அமுங்க வேண்டும். ரசமட்டம் வைத்து ஒவ்வொரு டியூபாகக் காற்றைக் கூட்டிக் குறைத்துச் சமன் செய்ய அரை மணி நேரம் ஆகும். நடு இரவு அமைதியாக இருக்கும் என்று நினைத்தது தப்பு. பெங்களூர் ரோட்டில் லாரிகள் வரிசைகட்டுவதே ராத்திரி 11க்கு மேல்தான். ஒவ்வொரு லாரிக்கும் வரிகள் ஒரு நடுக்கம் நடுங்கி நிற்கும். நல்ல அளவுகள் பொங்கல் விடுமுறையில் வந்ததற்கு ரோட்டில் வண்டி குறைந்ததும் ஒரு காரணம்.

லேசரில் மிச்சம் பிடிக்கப் பார்த்து இரண்டு வாரம் வீணானது. 300 ரூபாய் சிவப்புப் பாயின்டர் சூடேறச் சூடேற அலைநீளத்தைத் திடீரென்று தாவ விடுகிறது. எங்கள் இரண்டு கற்றைகளின் பாதை வித்தியாசமோ 100 மி.மீ. அவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது ஒரு சின்னத் தாவலுக்கே வரிகள் எல்லாம் இடம் மாறிவிடும். ஆய்வகத்தின் பழைய ஹீலியம்-நியான் லேசரை, 632.8 நானோமீட்டர், எடுத்துக்கொண்டோம். போட்டு ஒரு மணி நேரம் சூடேறவிட்டுத்தான் எண்ணத் தொடங்குவோம்.

கருவியின் உடல் ஒரு ஸ்டெயின்லெஸ் குழாய். உள்விட்டம் 50 மி.மீ., சுவர் 1 மி.மீ. கீழே 12 மி.மீ. கனச் செம்புத் தட்டு வெள்ளிப் பற்றுவைப்பில் அடைக்கப்பட்டது. தட்டின் அடியில் 25 மி.மீ. விட்டத்தில் 120 மி.மீ. நீளச் செம்பு வால். குழாய் கடப்பாக் கல்லின் துளை வழியாகத் தொங்கும், வால் மட்டும் கீழே ஃபிளாஸ்கில் உள்ள நைட்ரஜனில் மூழ்கும். கொதிப்பெல்லாம் வாலோடு நின்றுவிடும். முதலில் இந்த வாலில்லாமல் தட்டையே நேராக நைட்ரஜனில் வைத்தோம், தெர்மாகோல் பெட்டியின் ஆட்டமே திரும்ப வந்தது. குழாயின் மேல்வாயில் தட்டைக் கண்ணாடி ஜன்னல்.

ஒளியை இரண்டாகப் பிரித்த விதத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வழக்கமான மைக்கேல்சன் மாதிரி ஒரு கண்ணாடியை வெளியே வைத்தால், தண்டு சுருங்குவதோடு குழாய் சுருங்குவதும் சேர்ந்தே எண்ணப்படும். அதனால் இரண்டு கற்றைகளையும் உள்ளே அனுப்பினோம். பீம் ஸ்ப்ளிட்டர் கனசதுரமும் ஒரு 45 டிகிரிக் கண்ணாடியும் சேர்ந்து, 20 மி.மீ. இடைவெளியில் இணையான இரண்டு கற்றைகளை நேர்கீழே இறக்குகின்றன. ஒன்று தண்டின் தலையில் உள்ள கண்ணாடியில் பட்டுத் திரும்பும். மற்றது தண்டின் பக்கத்தில் தட்டின் மேலேயே கிடக்கும் கண்ணாடியில் பட்டுத் திரும்பும். இரண்டு கண்ணாடியும் ஒரே துண்டிலிருந்து வெட்டிய 1 மி.மீ. முன்பூச்சுக் கண்ணாடிகள், அவை சுருங்குவது ஒன்றுக்கொன்று கழிந்துபோகும். குழாய் நீண்டாலும் குறுகினாலும் இரண்டு கற்றைக்கும் ஒன்றே. மிஞ்சுவது தண்டின் நீளம் மட்டும். அப்படித்தான் அப்போது நம்பியிருந்தோம்.

தண்டு 10 மி.மீ. விட்டம். லேத் பட்டறையில் கடைந்து வாங்கி, ஆய்வக மைக்ரோமீட்டரில் பார்த்தபோது 50.02 மி.மீ. நேராக நிறுத்திக் குளிரவைத்தால் பாதி வழியில், 150 கெல்வின் வாக்கில், வரிகள் மெலிந்து நெருங்கி மறைந்துபோயின. மூன்று முறையும் அதே இடம். எடுத்துப் பார்த்தால் தண்டின் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு. நகத்தை வைத்து இழுத்தால்தான் தட்டுப்பட்டது. அதன் மேல் தண்டு ஊசலாடியிருக்கிறது. திரும்ப லேத்துக்குப் போய் அடிப்பக்கத்தை நடுவில் குடைந்து, விளிம்பில் மூன்று சிறு கால்கள் மட்டும் நிற்கும்படி அரத்தால் விட்டு, 1000 நம்பர் உப்புத்தாளைத் தட்டைக் கண்ணாடி மேல் வைத்துத் தேய்த்தோம். மூன்று கால் ஆடாது. ஆனால் மூன்று கால் வழியாகக் குளிர் சரியாக ஏறவில்லை. செம்புப் பின்னல் நாடா ஒன்றை ஒரு முனை தட்டில் திருகி, மறு முனையைத் தண்டின் இடுப்பில் மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டினோம். நாடா தொளதொளவென்று இருக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் தண்டைப் பிடித்து இழுக்கும்.

எண்ணும் வேலை. முதலில் கண்ணால்தான் எண்ணினோம், ஆளுக்கு இருபது நிமிடம். மூன்று மணி நேர ஓட்டத்தில் ஒரு தும்மலுக்கு ஒரு வரி போய்விடும். பிறகு ஒளியை உணரும் ஒரு ஃபோட்டோடயோடு, அதன் மின்குறியைப் பெருக்க எல்எம் 358 சில்லு, எண்ண ஆர்டுவினோ பலகை. இதுதான் எங்கள் எண்ணி. அதிலும் கோளாறு: வரி ஓட்டம் மெதுவாக இருக்கும்போது, விளிம்பில் நின்று லாரிக்கு நடுங்கினால், ஒரே வரியை ஏழெட்டுத் தடவை எண்ணித் தள்ளும். எந்தப் பக்கம் நகர்கிறது என்றும் ஒற்றை டயோடுக்குத் தெரியாது. கண்ணாடியை ஒரு துளி சாய்த்து நேர்கோட்டு வரிகளாக ஆக்கி, கால் வரி இடைவெளியில் இரண்டு டயோடுகளை வைத்தபிறகுதான் சரியானது. முன்னால் போனால் கூட்டும், பின்னால் வந்தால் கழிக்கும். நடுக்கம் தானே கூட்டித் தானே கழித்துக்கொள்ளும். எலக்ட்ரானிக்ஸ் மொத்தமே 750 ரூபாய்.

செப்டம்பரில் எல்லாம் கூடி வந்தது. உறைபனி பிடிக்காமல் இருக்க, கொதித்து வரும் உலர்ந்த நைட்ரஜன் வாயுவையே குழாய்க்குள் செலுத்தி நிரப்பினோம். ஓட்டினோம். 401. மறுநாள் 398. அதற்கடுத்து 404.

வர வேண்டியது 498. அறை அன்று 30 டிகிரி. கையேடுகள் 20 டிகிரியிலிருந்து தொடங்குகின்றன. வேலூரில் எங்கள் ஆய்வகம் 20 டிகிரியை எப்போதாவது பார்த்திருக்கிறதா என்பது சந்தேகம். அந்தக் கூடுதல் 10 டிகிரியையும் சேர்த்த கணக்குதான் 498. எங்களுக்கு ஏறத்தாழ நூறு வரி குறைகிறது. அதுவும் ஒழுங்காக, ஒவ்வொரு முறையும் நூறு. எண்ணியில் வரி தவறுகிறது என்று முடிவு கட்டி மூன்று வாரம் சுற்றுப்பலகையைப் பிரித்துப் பிரித்துக் கட்டினோம். செம்பு சுத்தமில்லையோ என்று இன்னொரு கடையில் இன்னொரு தண்டு வாங்கினோம். 400 வந்தது. தவறுதலாக விழும் வரி இத்தனை ஒழுங்காக விழாது என்று அந்தப் பெண் இரண்டாவது வாரமே சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. அங்கேயே நின்றிருந்தால் பத்து நாள் மிச்சமாகியிருக்கும்.

அக்டோபர் மழையில் குழாயின் ஜன்னல் கண்ணாடியில் பனி திரும்பவும் கோக்க ஆரம்பித்ததால், உள்ளே வாயுவே வேண்டாம், வெற்றிடமாக்கிவிடலாம் என்று தோன்றியது. எங்களிடம் வேக்கும் பம்ப் இல்லை. ஏசி ரிப்பேர் செய்யும் பாய் ஒருவர் கல்லூரிக்கு வருவார். இரண்டு கட்டப் பம்ப் வைத்திருந்தார், தூக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னா சார், இந்த டப்பாவுக்குக் கேஸ் ஏத்தணுமா?"

"இல்ல பாய், உள்ள இருக்கறதெல்லாம் உறிஞ்சணும்."

"அவ்ளோதானே, போடுங்க சார்."

நைட்ரஜன் ஊற்றவில்லை. குழாய்க்குள் சாதாரணக் காற்று, அறை வெப்பம். லேசரும் எண்ணியும் தற்செயலாக ஓடிக்கொண்டிருந்தன. பாய் சுவிட்சைப் போட்டார். வால்வைத் திறந்ததும் வரிகள் ஓட ஆரம்பித்தன, கரை ஏறும் எறும்பு மாதிரி வரிசையாக. 10, 20, 30. வேகம் குறைந்து, 41-இல் நின்றது. தண்டு அசையவில்லை, குளிரவில்லை. பையன் வால்வை மெல்லத் திறந்து காற்றை உள்ளே விட்டான். 41-லிருந்து பின்னோக்கி ஓடி பூஜ்யத்துக்கு வந்தது. இன்னொரு தடவை. மறுபடி 41. பாய் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த 41 வரி காற்றுடையது. தட்டில் பட்டுத் திரும்பும் கற்றை மற்றதைவிடத் தண்டின் உயரத்துக்கு, அதாவது 50 மி.மீ., கூடுதலாகக் காற்றுக்குள் இறங்கி ஏறுகிறது. அந்த 50 மி.மீ. காற்று ஒளியைச் சற்றே தாமதப்படுத்துகிறது. அறை வெப்பத்தில் அதன் கணக்கு 41 வரி. குளிரும்போது தண்டு சுருங்கிப் பாதை குறைகிறது. அதே நேரம் வாயு அடர்ந்து பாதையை நீட்டுகிறது. ஒன்று கூட்ட, ஒன்று கழிக்க. வாயு 90 கெல்வின் வாக்கில் இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், அடர்த்தி மூன்று மடங்குக்கு மேல். 41 என்பது 137 ஆகியிருக்கும், வித்தியாசம் 96. 401-உடன் 96-ஐக் கூட்டினால் 497. கரும்பலகையில் போட்ட அந்தக் கூட்டலை இன்றுவரை அழிக்கவில்லை. உறைபனிக்குப் பயந்து நாங்களே நிரப்பி வைத்த நைட்ரஜன் வாயுதான் நூறு வரியையும் தின்றிருக்கிறது. எண்ணியும் சரி, செம்பும் சரி.

வெற்றிடம் என்று முடிவானபிறகு வேறு தொல்லைகள். பற்றுவைத்த இடத்தில் கசிவு: சைக்கிள் பம்பால் காற்றடித்துச் சோப்பு நுரை தடவினால் ஊசிமுனைக் குமிழி ஒன்று வந்துகொண்டே இருந்தது. திரும்பச் சூடேற்றிப் பூசி வாங்கினோம். முதல் குழாயின் நீளம் 250 மி.மீ.தான், மூன்று மணி நேரத்தில் குளிர் மேலே ஏறி, காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) விறைத்துக் காற்றை விட்டது, ஜன்னலிலும் வியர்த்தது. 450 மி.மீ. குழாயாக மாற்றினோம். வாயு இல்லாததால் தண்டு குளிர அதிக நேரம் பிடித்தது, நாடாவை இரட்டையாக்கினோம். வெப்பம் பார்க்கத் தட்டில் ஒன்று, தண்டின் தலைக்குக் கீழே ஒன்று என இரண்டு பிடி-100, அதாவது மின்தடையை வைத்து வெப்பம் காட்டும் பிளாட்டின உணரிகள். அவற்றை இரண்டு கம்பியில் இணைத்திருந்ததில் கம்பியின் 0.9 ஓம் தடையும் சேர்ந்துகொண்டது. அந்தக் குளிரில் ஒரு டிகிரிக்கு 0.43 ஓம்தான் மாறும், ஆக இரண்டு டிகிரி பிழை. நான்கு கம்பி இணைப்புக்கு மாற்றி, முனையை நேராக நைட்ரஜனில் முக்கிப் பார்த்தபோது 20.2 ஓம் காட்டியது. நிம்மதி.

பொங்கல் விடுமுறைக்குக் கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, இரவு 1 மணிக்குத் தொடங்கினோம். மாலையிலேயே பம்பைப் போட்டுவிடுவோம். அறை 24 டிகிரி. ஃபிளாஸ்கை மெல்ல உயர்த்தி வாலை நனைத்ததும் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு வரி. தொடக்கத்தில் எட்டு நொடிக்கு ஒன்று வீதம் வரும். 150 கெல்வினுக்குக் கீழே தயங்கித் தயங்கி வரும். குளிரக் குளிரச் செம்பு ஒரு டிகிரிக்குச் சுருங்கும் அளவே குறைந்துவிடுகிறது என்பதை வரிகளின் நடையிலேயே பார்க்கலாம். கடைசி இருபது வரிக்கு முக்கால் மணி நேரம். தட்டு 79 கெல்வின், தண்டின் தலை 83. சராசரி 81 என்று எடுத்துக்கொண்டோம். 297-லிருந்து 81 வரைக்குக் கையேட்டுக் கணக்கு 483 வரி. எங்கள் மூன்று இரவுகளின் சராசரி 482.3, அதாவது 152.6 மைக்ரான், 0.305 சதவீதம். ஆலங்காயத்திலிருந்து ஐந்து மணிக்கே போன் வந்துவிட்டது. "எவ்ளோ சார்?" என்றாள். சொன்னதும் ஒரு நிமிடம் பேசவில்லை.

மொத்தச் செலவு ஏறத்தாழ 32,000. அதில் நைட்ரஜன் மட்டும் 8,800. குழாய் வேலை 6,500. பாயிடமே கடைசியில் பழைய பம்ப் ஒன்றை 5,500-க்கு வாங்கினேன். பீம் ஸ்ப்ளிட்டர் 3,100, அதில் மட்டும் கஞ்சம் பார்க்காதீர்கள். வெற்றிடத்திலேயே தொடங்கியிருந்தால் 10,000 ரூபாயும் நான்கு மாதமும் மிஞ்சியிருக்கும். இன்னொரு தடவை கட்டினால் தலைக்கும் தட்டுக்கும் இடையே உள்ள அந்த 4 டிகிரியைத்தான் முதலில் ஒழிப்பேன். தண்டைச் சுற்றி தட்டோடு சேர்ந்த ஒரு செம்புக் கூடு போட்டால் அறையின் வெப்பம் தண்டில் படாது. அடுத்து சிலிக்கான் எடுக்க இருவருக்கும் ஆசை. 124 கெல்வின் அருகில் அது விரிவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. ஆனால் அதன் மொத்தச் சுருக்கமே 50 மி.மீ.க்கு நாற்பது வரிக்குள்தான். முழு வரிகளை எண்ணினால் போதாது, வரிக்குள் பத்தில் ஒரு பங்கைப் படிக்க வேண்டும். இரண்டு டயோடுகளின் மின்னழுத்தத்தையும் அப்படியே பதிவு செய்துவைத்திருக்கிறோம், அதிலிருந்து எடுக்க முடியுமா என்று பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

காணும் பொங்கலன்று காலை ஃபிளாஸ்கை இறக்கிவிட்டு, வாலின் பக்கத்தில் 40 வாட் பல்பு ஒன்றை எரியவிட்டு, பம்பையும் எண்ணியையும் நிறுத்தாமல் வீட்டுக்குப் போய்விட்டேன். பல்பை மதியம் பையன் வந்து அணைத்திருந்தான். மாலை ஆறு மணிக்குத் திறந்து பார்த்தால் எண் 481-லிருந்து இறங்கிப் பூஜ்யத்தைத் தாண்டி, கழித்தல் 5-இல் நின்றிருந்தது. ஒரு கணம் திக்கென்றது. பிறகு பிடி-100 இரண்டையும் பார்த்தேன். இரண்டும் 26 டிகிரி. இரவு தொடங்கியபோது 24. இரண்டு டிகிரிக்கு 50 மி.மீ. செம்பு நீள்வது 1.7 மைக்ரான், ஐந்து வரி.

பம்பை நிறுத்தினேன்.